ரெண்டும் ஒரே மாதிரிதான்

உங்கள் அறைக் கதவு சற்றுக் கோணல், ஐயா. உள்ளே வரும்போது என் இடது தோள் நிலையில் இடித்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. ஒரு தச்சரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கோபக்காரன் இல்லை. கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இதுல தெளிவா இருக்கா, அதுலயா?” என்று கேட்பேன். பொறுமை இருந்தால் எந்தக் கண்ணும் வழிக்கு வரும். “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்று சொல்கிறவர்கள் மட்டும் எனக்கு ஆகாது. அப்படி இருக்கவே முடியாது.

போன வருடம், நின்றபடி துடுப்புப் போட்டுப் போகிற அலைப்பலகை ஒன்று வாங்கினேன். அது இடது பக்கமே இழுத்தது. கடலுக்குள் நேராகப் போகலாம் என்று ஏறினால், அரைவட்டம் அடித்துத் திரும்பி, குழந்தைகள் கட்டிய மணல் வீட்டின் மேல் போய் ஏறுவேன். பலகையில் கோளாறு என்றேன்.

“பலகைல ஒண்ணும் இல்ல. நீங்க நிக்கிற லட்சணம் அப்படி. என் தம்பி நின்னா நேராத்தானே போகுது?” என்றாள் மனைவி. எல்லார் முன்னாலும் சொன்னாள். மறைப்பானேன், அது எனக்கு வலித்தது.

கோளாறு அடியில்தான் இருக்க வேண்டும். பலகை திசை மாறாமல் போவதற்காக அதன் வால்பக்கம், மீனுக்கு இருப்பதுபோல, துடுப்புகள் சொருகத் துளைகள் உண்டு. எங்கள் வீட்டில் கையில் பிடிப்பதும் துடுப்பு, அடியில் சொருகுவதும் துடுப்பு. நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு, மூன்றும் சேர்த்து, நெட்டை, குட்டை என்று மாற்றி மாற்றிச் சொருகி மச்சினனை ஏற்றிவிட்டேன். நல்ல பிள்ளை. கூப்பிட்ட ஞாயிறெல்லாம் வந்தான். நேராகப் போய் நேராகத் திரும்புவான்.

“இது எப்படி, போன தடவை எப்படி?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, அத்தான்.”

பதினொரு ஞாயிறு, ஐயா. பதினொரு தடவையும் அதே பதில்.

பன்னிரண்டாவது ஞாயிறு அடியில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காற்று கரையிலிருந்து கடல் பக்கமாகப் பலமாக அடித்தது. மிதவைச் சட்டை கேட்டான். முன்பெல்லாம் அது இல்லாமல்தான் போயிருக்கிறான். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் எது என்று தெரியாமல் போய்விடும். எடுத்துச் சொன்னேன், தலையாட்டினான்.

“துடுப்பெல்லாம் சரியா இருக்கா, அத்தான்?”

அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். “சரியா இருக்கு, மச்சான்” என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பலகை பம்பரமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே நேராகக் கடலுக்குள் போனது. அந்த நிலையிலும் அவனுக்கு நேராகத்தான் போகத் தெரிந்தது. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவன் குரல் கேட்டது.

“அத்தான், இது வேற மாதிரி இருக்கு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணியைப் பார்த்து, அவன் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடற்கரைக் காவலர் ஓடிவந்தார். “உங்க ஆளா? கையத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரே, படகை எடுக்கட்டுமா?”

“வேண்டாங்க. பழகிட்டிருக்கார். நான்தான் அப்படிக் காட்டச் சொன்னேன்” என்றேன். இடையில் புகுந்தால் முடிவு கெட்டுவிடும். அவர் என்னை நம்பிப் போய்விட்டார். பார்க்க ஒழுங்கான ஆளாகத்தானே இருக்கிறேன்.

மச்சினன் சிறிதாகிக்கொண்டே போனான். எங்கள் கடையில் சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரி எழுத்து அளவுக்கு ஆனான். அதுவரைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் கடல் மட்டும் இருந்தது.

ஆமாம், இன்ஸ்பெக்டர் ஐயா, கழற்றியது நான்தான். படகைத் தடுத்ததும் நான்தான். தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். பரிசோதனையை யாராவது தெரியாமல் செய்வார்களா?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். “உன் தம்பியே ஒத்துக்கிட்டான், பாரு” என்றேன். இரண்டு முறை படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாலு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையில்தான் கோளாறு என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை, ஐயா.