புத்தகத்தில் ஒரு முடிவு, படத்தில் ஒரு முடிவு

இப்ப உள்ள ஜனங்க புத்தகத்தைத் தொடறதே இல்ல சார்ஜன். வீடியோ முன்னால ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தா கதை தெரிஞ்சுபோச்சும்பாங்க. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா ஒரே கதையை நாலு வருஷம் கேட்டவன் நான்.

வாசிச்சது நல்லுசாமி. எஸ்டேட்ல பக்கத்து லயத்து வீட்டுக்காரன். என்னோட சேர்ந்து லோரியில தேயிலைக் கொழுந்து மூட்டை ஏத்துறவன். ஆறாவது வரைக்கும் படிச்சவன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் முதல்ல என் மகள் அம்சவல்லி கிள்ளான்ல இருந்து போட்ட கடுதாசியை வாசிப்பான். "அப்பா, நல்லா இருக்கேன். அவரும் நல்லா வச்சிருக்காரு." அப்புறம் அந்தப் புத்தகம். வெள்ளைக்காரன் எழுதின பழைய கதை, தமிழ்ல போட்டது. ஒருத்தன் ராக்கெட்ல தூரத்துக் கிரகத்துக்குத் தனியாப் போறான். பூமியில இருக்கிற மகள் ரேடியோவுல அவனோட பேசிக்கிட்டே இருக்கா. அவன் திரும்பி வந்து இறங்குறப்போ அவ தலை நரைச்சு, கம்பு ஊனி நிக்கிறா. அந்த வேகத்துல போனா வயசு ஏறாதாம், அவன் இன்னும் இளவட்டம்.

போன மாசம், "நம்ம கதையைப் படமா எடுத்திருக்கான்யா, வா"ன்னு அவனே எஸ்டேட் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனான். தானா ராத்தா டவுன்ல வாடகைக்கு எடுத்த வீடியோ. இங்கிலீஷ் படம். பாஷை தெரியாட்டி என்ன, கண்ணு இருக்குல்ல. அவன் திரும்பி வர்றான். மகள் இல்ல, சமாதிதான் இருக்கு. ஒரு இரும்பு அலமாரியைத் திறக்கிறான். உள்ள மெஷின் சுத்துது, அதுல இருந்து மகள் குரல் வருது. இத்தனை வருஷமும் பேசினது அதுதான்.

"ஏன்டா நீ இப்படி வாசிக்கல?"

"யோவ் இருளப்பா, படக்காரன் மாத்திட்டான்யா. மகளைச் சாகடிச்சாத்தானே ஜனம் அழும்"ன்னு சிரிச்சான்.

நான் சிரிக்கல. யோசிச்சேன். அவ்வளவு பாடுபட்டுப் படம் எடுக்கிறவன் கதையை ஏன் மாத்தணும்? வாயால வாசிக்கிறவனுக்குத்தான் அது லேசு. கதையில மகளை உயிரோட வச்சவன், கடுதாசியில என்னதான் செய்யமாட்டான்? என் மகள் அழுது எழுதியிருந்தா? என்னை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தா?

வேற ஆளுகிட்ட காட்டியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. லயத்துல படிச்சவன் பூரா அவன் சிநேகிதன்.

ஒரு வாரம் பொறுத்தேன். புதன்கிழமை காலையில நல்ல பனி. லோரி மேட்டுல நின்னுச்சு. அதுக்கு பிரேக் சரியாப் பிடிக்காது, டயருக்குக் கல்லு அண்டக் கொடுத்துத்தான் நிறுத்துவோம். நல்லுசாமி பின்னால, லோரிக்கும் மதிலுக்கும் நடுவுல நின்னு கயிறு கட்டிக்கிட்டிருந்தான். "இந்த முனையைப் பிடி லா"ன்னான். நான் கல்லை எடுத்தேன். பெருசா சத்தம் ஒண்ணும் வரல. விபத்துன்னு உங்க போலீஸ்ல எழுதினாங்க. பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

அவன் கருமாதிக்கு அம்சவல்லி வந்தா. இடுப்புல கொழுகொழுன்னு பிள்ளை. கடுதாசியை எல்லாம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நல்லுசாமி வாசிச்ச மாதிரியே வாசிச்சா. புத்தகத்தோட கடைசிப் பக்கத்தையும் வாசிச்சா. மகள் உயிரோட, கம்பு ஊனி நிக்கிறா.

நல்லுசாமி எனக்கு வாசிச்சதைச் சொல்லி, மாத்தியிருக்கானான்னு கேட்டேன். "சித்தப்பா ஒரு எழுத்துகூட மாத்தலப்பா"ன்னா.

அப்ப நான் கல்லை எடுத்தது வீணான்னு கேட்டேன். அவ பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளியே போனா. திரும்பி வர்றப்போ உங்களைக் கூட்டிட்டு வந்தா.

இப்ப நீங்க மலாய்ல எழுதினதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினீங்க. நான் சொன்ன மாதிரியேதான் இருக்கு. அவங்க ரெண்டு பேர் வாசிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு. பேப்பர்ல என்ன இருக்குன்னு யார் கண்டா?

கட்டை விரல் வைக்கமாட்டேன் சார்ஜன். லாக்கப் அந்தப் பக்கம்தானே. பிடிக்க வேணாம், நானே நடந்து போறேன்.