இல்லாத குழியைச் சுற்றும் பதினேழாம் எண் பேருந்து

நாற்காலியின் ஒரு கால் ஆடினாலும் நிலைகுலையாது நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! அழைத்ததும் வந்தமர்ந்த போக்குவரத்து அதிகாரி அவர்களே! அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த, அணைத்தோமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! தையல்கடைக்காரனாகிய நான் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என்னம்மா? சீக்கிரம் முடிக்கவா? துணியைக் குறைத்து வெட்டினால் மட்டும் சண்டைக்கு வருகிறீர்களே!

பதினோரு ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனைச் சாலையில் குழாய் பதிக்கக் குழி தோண்டினார்கள். நேராகப் போன பதினேழாம் எண் பேருந்தைத் தற்காலிகமாகச் சிமெண்ட் கிடங்குத் தெருவில் திருப்பிவிட்டார்கள். குழாய் பதித்தாயிற்று. குழியை மூடியாயிற்று. தார் போட்டு, அது தேய்ந்து, மறுபடியும் தார் போட்டாயிற்று. பேருந்து மட்டும் இன்றும் திரும்புகிறது! யாருக்காகத் திரும்புகிறது? எதற்காகத் திரும்புகிறது? இல்லாத குழியில் இறங்கிவிடக் கூடாதே என்று திரும்புகிறது!

ஓட்டுநர் அண்ணனிடமே கேட்டேன். "அண்ணே, குழிதான் இல்லையே, நேரா போங்களேன்?"

"எனக்குத் தெரியுது தம்பி. என் டியூட்டி சீட்டுக்குத் தெரியலையே!" என்றார். அதோ, கடைசி வரிசையில் சிரிக்கிறாரே, அவரேதான்.

விட்டேனா? அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையில் குப்புறப் படுத்தேன். நீளம் பூஜ்யம், அகலம் பூஜ்யம், ஆழம் பூஜ்யம் என்று எழுதிப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வந்த பதில் என்ன தெரியுமா? "குழி தோண்டினதுக்கே எங்ககிட்ட ஃபைல் இல்ல. தோண்டாத குழியை மூடிட்டோம்னு எப்படிங்க எழுதுறது?" அதிகாரி ஐயா, நீங்கள் ஏன் தலைகுனிகிறீர்கள்? சொன்னவர் உங்களுக்கு முன்னால் இருந்தவர்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடக்கும் வரை. வாரம் மூன்று நாள் அவள் மருத்துவமனைக்குக் கால் பயிற்சிக்குப் போக வேண்டும். "அதிகம் நடக்காதீங்கம்மா" என்கிறார் டாக்டர். ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு மருத்துவமனை வாசல் தெரிகிறது. தெரிந்ததும் பேருந்து திரும்பிவிடுகிறது! அடுத்த நிறுத்தம் கிடங்கில்தான்; அங்கே இறங்கி இருபத்தைந்து நிமிடம் நடக்கிறாள். நடக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வருவதற்காக நடக்கிறாள்! ஆட்டோவா? ஒரு நாள் போகலாம் ஐயா. ஆறு மாதம் போக முடியுமா?

போன வாரம் பாதி வழியில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே நான் போகலைங்க. கால் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவன் நான். அன்று நானும் அவள் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அழுதுவிட்டேன். அதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கேட்பது புது வண்டியா? புதுச் சாலையா? புதுப் பாலமா? இல்லை! கிடங்குத் தொழிலாளர்களுக்கு இருபத்திரண்டாம் எண் இருக்கிறது. பதினேழு நேராகப் போகட்டும்! வேலை செய்யுங்கள் என்றா கேட்கிறோம்? ஒரு திருப்பத்தைத் திருப்பாமல் இருங்கள் என்றுதானே கேட்கிறோம்!

சம்மதம் என்போர் கை உயர்த்துங்கள்! அடடா, அத்தனை கைகள்! அதிகாரி ஐயா, நீங்களுமா? காது சொறியத் தூக்கினீர்களா? பரவாயில்லை, இறக்காதீர்கள், தலைவர் குறித்துக்கொண்டார். என்ன? நிஜமாகவே தூக்கினீர்களா? திங்கட்கிழமை முதலா? மைக்கில் சொல்லுங்கள் ஐயா... கேட்டீர்களா, சொல்லிவிட்டார்!

இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். படிக்கப்போவதில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், "திங்கட்கிழமை ரெடியா இரு, ஆஸ்பத்திரி வாசல்லயே இறங்கலாம்" என்று ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்! யாராவது வழிவிடுங்கள்!