கை நடிக்குதாம்

பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஒரகடம் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவளின் கைகள் மணிக்கட்டு வரை சிவந்து வீங்கியிருந்தன.

“என் கை நடிக்குதாம்க்கா. சூப்பர்வைசர் சொல்றான்.”

“ரப்பர் கிளவுஸ் ஆவாதுன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்களேடி?”

“கொஞ்ச நேரம் போட்டா இன்னா ஆயிடும்னு இன்னைக்கும் போட வெச்சான்.”

“டாக்டரம்மா இன்னாதான் சொன்னாங்க?”

“ஒடம்புல நம்மளக் காக்கிற செல்லு மேல ரிசெப்டர்னு ஒண்ணு கீதாம். ரப்பர் வந்து அங்க மாட்டினாலே போதும், உள்ள சேதி போயி செல்லு கெமிக்கலக் கொட்டிடுமாம். அதான் வீங்குது. அடுத்த தபா தொண்டையே அடைச்சிக்கலாமாம்.”

பிள்ளை அழுதுவிடுவானோ என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

“நாளைக்கு இன்னாடி பண்ணப் போற?”

“போட மாட்டேன். வேலை போனா போவட்டும். வெளிய தொட்டா செல்லுக்கே உள்ள தெரியுது. இவன் மூஞ்சிக்கு நேரா கையக் காட்டினாலும் தெரியலையேக்கா!”