காளைக்குக் கட்டிய பரிவட்டம்

துறையூர் ஜவுளிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் கொல்லிமலைக்காரர் இருவர் நின்றார்கள், மாமனும் மருமகனும். அவர்கள் ஓயாமல் பேசியது தங்கள் ஊர்க்கவுண்டரைப் பற்றி; அவர் அங்கே இல்லை.

"பரிவட்டத்தப் போயி மாட்டுக்குக் கட்டுவியாடா மாப்ள?" என்றார் மாமன்.

"வேற யாருக்குக் கட்டறதுங்க மாமா? கவுண்டர் கோவிச்சுக்கிட்டு போன நோம்பிக்கே வரல. கவுண்டருக்குப் பரிவட்டம் கட்டாம எருதாட்டம் தொடங்கக் கூடாதுன்னீங்க. அவரு ஊட்டுல இருந்து வந்தது அந்தக் காளை மட்டுந்தான்."

"அதுக்காக?"

"கட்டுனதும் கவுண்டரவிடக் கம்பீரமா நின்னுச்சுங்களே!"

மாமன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சிரிப்பு மூட்டாதடா. அவரு மனசு ஆறலீன்னா, வர்ற ஆடி நோம்பிக்கு நம்மூருக் காளை ஒண்ணுகூட களத்துல எறங்க முடியாது."

"சமாதானம் பேசப் போனீங்களே, என்ன சொன்னாரு?"

"'மாடு கட்டுனத நான் கட்டமாட்டேன். புதுத் துண்டு வாங்கியாந்து, ஊர் முன்னால எனக்குக் கட்டுங்க'ன்னாரு."

"கட்டிருவோம். ஆனா மாட்டுக்கும் ஒண்ணு புதுசா எடுக்கணும் மாமா. இவருக்கு மட்டும் புதுசுன்னா, அடுத்து அது கோவிச்சுக்கும்."

மாமன் அவனை முறைத்தார். முறை வந்ததும் கடைக்காரரிடம் இரண்டு துண்டு கேட்டார். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றேகால் ரூபாய் ஆயிற்று.