கெட்ட சேதி சொல்லும் வகுப்பு

நாற்காலிய நகத்தாத தம்பி. எதுக்குன்னு எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தாண்ட இருந்துக்கிட்டு கெட்ட சேதி சொல்லக் கூடாது, நோயாளி பக்கத்துல, முழங்கால் இடிக்காத தூரத்துல வந்து உக்காரணும். சொல்லிக் குடுத்தவ நானாச்சே. நீ பதினொண்ணாவது பேட்ச்சுல்ல? கடைசி பெஞ்சுல ஃபோன நோண்டிக்கிட்டு இருப்ப. பரவால்ல, காதுலயும் கொஞ்சம் விழுந்திருக்கு.

என் ஸ்கேன் ரிப்போர்ட்ட உள்ள வச்சு ஃபைல மூடிட்டு என் மூஞ்சியப் பாக்குற. அதுவும் என் பாடந்தான். அடுத்து, இதப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு கேப்ப... பாத்தியா, வாயத் தொறந்துட்ட. அந்தக் கேள்வியக் கேட்டாலே முடிஞ்சது தம்பி. நல்ல சேதின்னா எவன் அதக் கேக்குறான்? ஒண்ணுமில்ல போய்ட்டு வாங்கன்னு நின்ன வாக்குலயே அனுப்பிருவான். மனசு ஒடஞ்சவங்களத் தேத்துறது என் தொழில். டாக்டருக்கும் நர்ஸுக்கும் அதக் கத்துக் குடுக்குறது உபதொழில். இருபத்திரண்டு வருசம் குடுத்திருக்கேன். கேள்வியிலயே நோயாளி கண்டுபிடிச்சிருவான்னு ஒரு நாளும் உறைக்கல. மகா மேதாவி.

உங்க பெரிய சர்ஜன் இருக்காரே, அவரும் நம்ம மாணவர்தான். ஒத்திகையில நான் நோயாளி. கவலப்படாதீங்கம்மா, எல்லாரும் ஒருநாள் போறதுதானேன்னார். அவருக்கும் சான்றிதழ் குடுத்தோம். சட்டம் போட்டு மாட்டியிருக்காராம்ல?

ஒரே ஒரு நர்ஸம்மா மட்டும், அழறவங்கள எத்தன நிமிஷம் அழ விடலாம் மேடம்னு கேட்டா. அழுது தீர்ற வரைக்கும்னு நான் பெரிய இவ மாதிரி சொன்னேன். வார்டுல நாப்பது பேரு இருக்காங்களேன்னா. அத்தன வருசத்துல உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். நான் என்ன பண்ணேன்? பரிவு போதாதுன்னு எழுதி மார்க்கக் கொறச்சேன்.

என்ன, பேச்சக் காணோம்? ஓ, அந்த மௌனமும் என்னுதுதான். மனசுக்குள்ள பத்து எண்ணுறியா? எண்ணும்போது உதடு அசையக் கூடாதுப்பா.

சரி, சொல்லு. பரவிருச்சா?

கல்லீரல்லயா.

ம். பரவால்ல, சுத்தி வளைக்காம சொல்லிட்ட. சர்ஜனுக்கு நீ எவ்வளவோ தேவல.

தண்ணியெல்லாம் வேணாம். ஒரு காரியம் பண்ணு. வெளிய மருந்துக்கடை பக்கத்துல, சாம்பல் சட்ட போட்டுக்கிட்டு, குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரு. எங்க வீட்டுக்காரரு. மழையா இருக்கேன்னு கொண்டாந்து விட்டவரு, முடியட்டும், இருந்து கூட்டிட்டே போறேன்னுட்டாரு. ரெண்டு மாசமா நான் இங்க கிளாஸ் எடுக்க வர்றேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. அவரக் கூட்டியாந்து நீயே சொல்லிரு தம்பி. எனக்கு வரல.