பொதுமக்கள் குழுவின் ஏகமனதான முடிவு

கூட்டம் நடத்துவது எனக்குப் பிடிக்கும், ஐயா. மைக்கைச் சரிபார்ப்பது, "எல்லாருக்கும் கேக்குதா?" என்று விசாரிப்பது, இதெல்லாம் மனதுக்கு நிறைவான வேலை. ஆனால் கூட்டத்துக்கு ஆள் வர வேண்டுமே.

எங்கள் நிறுவனம் தூக்கம் வராதவர்களுக்கான புது மாத்திரை ஒன்றை ஆன்லைனிலேயே ஆய்வு செய்தது. மாத்திரை தபாலில் போகும். சாப்பிட்டவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று செல்போனில் பதிவு செய்வார்கள். ஆய்வை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவைத் திரட்டுவது என் பொறுப்பு. எங்கெங்கோ அழைப்பு அனுப்பியும் வந்தது ஒரே ஒருவர், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தையல்கார அம்மா.

ஒற்றை ஆளைக் குழு என்று எப்படிச் சொல்வது? மீதிப் பேர் நானே ஆனேன். கூட்டமும் ஆன்லைனில்தானே, கேமராவை அணைத்துவிட்டு மூக்கால் பேசினால் ஓய்வுபெற்ற தபால்காரர். குரலை மெல்லிசாக்கினால் கல்லூரி மாணவி. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டால் லாரி ஓட்டுநர். போகப் போக அவர்களுக்கென்று ஒரு குணம் வந்துவிட்டது. தபால்காரருக்கும் மாணவிக்கும் ஒத்தே போகாது. சமாதானம் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு கூட்டத்தில் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, இத சாப்பிட்டா எழுந்திரிக்கும்போது கண்ண இருட்டிக்கிட்டு வருது. மாடிப்படி எறங்கவே பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு எல்லாருக்கும் நிறுத்தி வச்சுப் பாருங்களேன்."

"பழகிடும்மா. பாதியில விட்டா அப்புறம் என்ன ஆய்வு?" என்றார் லாரி ஓட்டுநர். அதிசயமாகத் தபால்காரரும் மாணவியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான் கூட்டத்தை நடத்துபவன். எனக்கு ஓட்டு கிடையாது.

"இத்தன பேரு சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. எங்கள் கண்ணெதிரேயே அன்றைய மாத்திரையையும் விழுங்கினார்.

அடுத்த வாரம் படியில் உருண்டு விழுந்து இறந்துபோனார். அவர் மகள் போனில் கதறியபோது குழுவில் எல்லோரும் முறைப்படி ஆறுதல் சொன்னார்கள். மாணவிதான் தாங்க முடியாமல் அழுதுவிட்டாள். அவளைத் தேற்ற எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆய்வை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பொதுமக்கள் எடுத்த முடிவைத் தனி மனிதன் நான் எப்படி மாற்றுவது? அதற்குப் பிறகும் சிலர் விழுந்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்குள் குழுவில் காலியான இடத்தை நிரப்பிவிட்டேன். அந்த அம்மாவே திரும்பி வந்துவிட்டார். "நடத்துங்க தம்பி, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்றுதான் எங்கள் குழு முதன்முறையாக ஏகமனதாக முடிவெடுத்தது.

நம்பிக்கை இல்லையென்றால் அவரையே கேளுங்கள், ஐயா. அதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். தொண்டை காய்ந்திருந்தால் அவருக்குப் பேச்சு வராது.