குழாயாத்தா

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிக்காது. நீங்களும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை. நான் நடந்துகொண்டே பேசினால் தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் கால் பரபரக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மயிலம்மாள் உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. என் சம்சாரம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அடுப்படியில் இருந்தபோது முதலில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, அப்புறம்தான் அலறல் கேட்டது என்று சொன்னாளாம். அப்படித்தான் நடந்தது. இத்தனை நாளாக என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மேட்டூர் கரண்டு சங்ககிரிப் பக்கம் வந்தபோது, எங்கள் ஊரில் கிணற்றுக்கு மோட்டார் போட்ட முதல் ஆள் நான். அதுவரை கவலை இறைப்புதான். மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், ஏறும், நாளெல்லாம். மோட்டார் வந்த அன்றைக்கு என் பங்காளிகள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். ஊர்க்கூட்டத்தில் நான் ஏதாவது சொன்னால், யாரோ தும்மிவிட்டதுபோலக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அர்த்தநாரி எங்கே என்று தேடிவருகிற ஆளும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. என் கால் ஏன் ஓரிடத்தில் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டாரை மாட்டியவர் சேலம் அம்மாபேட்டைக் கந்தவேல். நெசவுக் குடும்பம். இவர் மட்டும் தறியை விட்டுவிட்டு வயர் வேலைக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர், வாயில் எந்நேரமும் பாக்கு. மோட்டார் ரூமுக்கு வெளியே குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டார். மோட்டாரின் உடம்பிலிருந்து செம்புக் கம்பி ஒன்றை இழுத்துவந்து, அந்தக் குழாயோடு ஒரு பித்தளைக் கிளாம்பு வைத்து இறுக்கினார். பார்ப்பதற்குக் குழந்தையின் காப்பு மாதிரி இருக்கும். இரண்டு திருகு, அவ்வளவுதான்.

"இந்தக் கிளாம்பை மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்குங்க," என்றார். "மோட்டாருக்குள்ள கரண்டு கசிஞ்சா, இது வழியா மண்ணுக்குப் போயிரும்."

"இது இல்லீன்னா?"

"தொட்டிக்குத் தண்ணி ஊத்துது பாருங்க ஒரு குழாய், அதைத் தொடுறவங்க மேல போகும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் மோட்டார் ரூம் ஒழுகியது. அதே மழையில் வண்டிமாடு ஒன்று மிரண்டு ஓடியபோது செம்புக் கம்பியில் கால் மாட்டி இழுத்துவிட்டது. கிளாம்பு கழன்று விழுந்தது. அதைப் பொறுக்கி மாடத்தில் வைத்தேன். கந்தவேலுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் பூவாத்தாள் வந்துவிட்டாள்.

பூவாத்தாள் எங்கள் காட்டில் களையெடுக்கிறவள். வாதம் வந்து அவளுக்கு வலது கை மடங்கிப்போயிருந்தது. தொட்டியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவள் தடுமாறி அந்தக் கையோடு குழாயில் சாய்ந்தாள். தூக்கிப் போட்டதில் சேற்றில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து கையைப் பார்த்தாள். விரல்கள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பிறகு என் காலில் விழுந்தாள்.

"ஆத்தா என்னைத் தொட்டுட்டாளுங்க சாமி," என்று அழுதாள். "மறுக்கா எப்பங்க வருவா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வெள்ளிக்கிழமை வா," என்று வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த வெள்ளி களத்துமேட்டில் நிற்க இடமில்லை. எடப்பாடியிலிருந்து வந்தார்கள், வாழப்பாடியிலிருந்துகூட வந்தார்கள். குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். குழாயாத்தா என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. நான் வைக்கவில்லை. நான் மோட்டாரைப் போடுவேன், நிறுத்துவேன். அவர்கள் வரிசையாக வந்து குழாயைத் தொடுவார்கள். கை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சிலிர்ப்பு இருக்கும், வேறொன்றும் இல்லை. ஆனால் தொட்டவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் உண்டியல் வைக்கவில்லை. தேங்காய் பழத்தைக்கூடக் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது வேறு. அந்த வெள்ளிக்கிழமைகளில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கால் அசையாது. என் பெரிய பங்காளி, ஊர்க்கூட்டத்தில் என் பக்கம் திரும்பாத மனுஷன், வரிசையில் நின்று, "அர்த்தநாரி, எங்களைக் கொஞ்சம் மொதல்ல விடப்பா," என்று கேட்டார். விட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

தை பிறந்ததும் எல்லாம் காய்ந்துவிட்டது. மோட்டாரும் காய்ந்தது. குழாயைத் தொட்டால் வெறும் இரும்பு. வந்தவர்கள் வெறுங்கையாய்த் திரும்பினார்கள். பங்காளி வரிசையில் நிற்கவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். வயலுக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பிவருவேன்.

அப்புறம்தான் வெள்ளிக்கிழமைக் காலையில் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். நிறைய இல்லை. உள்ளே கம்பிச் சுற்று தெரிகிற சந்தில் ஒரு சொம்பு. ஊற்றிவிட்டு, கூட்டம் வருமுன் குழாயை நானே தொட்டுப் பார்ப்பேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதை முதலில் நான் அனுபவித்துவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் நேர்மையாகவே இருந்தேன்.

உலகச் சண்டைக் காலம் என்பதால் மோட்டார் சாமான்கள் கிடைப்பதில்லை. உள்ளே கம்பிமேல் சுற்றிய நூலெல்லாம் இற்றுப்போயிருக்கும் போலிருக்கிறது. ஒரு சொம்புக்கு முன்பு கிடைத்ததைவிட இப்போது அதிகம் கிடைத்தது. ஒரு கன்றுக்குட்டி தொட்டியில் வாய் வைக்கப்போய்க் குழாயில் மூக்கு பட்டுச் செத்தது. என் கன்றுதான், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எடப்பாடியிலிருந்து ஒரு தாய் வலிப்பு வருகிற தன் மகளைக் கூட்டிவந்தாள். குழந்தை குழாயைப் பிடித்ததும் நினைவு தப்பி விழுந்து, பொழுது சாயும்வரை கண் திறக்கவில்லை. இப்படி அசந்து தூங்கி நாளாயிற்று என்று தாய் எனக்குக் கும்பிடு போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். அப்புறம் அவர்கள் வரவில்லை. நான் விசாரிக்கவில்லை. குணமானவர்கள் திரும்ப வருவதில்லை அல்லவா.

அன்றைக்குத்தான் மயிலம்மாள் பேசினாள். சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"அது ஆத்தா இல்லீங்க. மோட்டாருங்க. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாடத்துல இருக்கறதை எடுத்து மாட்டிருங்க."

"சனங்க நிம்மதியாப் போறாங்க, மயிலு."

"நிம்மதி உங்களுக்குங்க. அந்தப் புள்ளைய நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அவள் தன் அண்ணனிடம் சொல்லி, அம்மாபேட்டைக்கு ஆள் அனுப்பிக் கந்தவேலை வரவழைத்துவிட்டாள்.

கந்தவேல் வந்த அன்று வெள்ளிக்கிழமை. முற்பகல், நல்ல வெயில், கூட்டம் நிறைந்திருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். கீழே இருந்த சொம்பைப் பார்த்தார். பாக்கைத் துப்பினார்.

"ஏனுங்க இப்படி?" என்றார். சத்தம் போடவில்லை. "நான் வெளிய யாருகிட்டயும் சொல்லலீங்க. கிளாம்பை மாட்டிட்டுப் போயிர்றேன். மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லிக் கூட்டத்தை அனுப்பிச்சிருங்க. ஒரு உசுரு போயிருச்சுன்னா அப்புறம் உங்களால தூங்கவே முடியாது."

நல்ல மனிதர். அதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன். மாடத்திலிருந்து கிளாம்பை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். அந்த நிமிஷம்வரை, அவர் சொன்னபடி கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வெளியே வந்ததும் பூவாத்தாள் வழிமறித்தாள். ஆத்தாவை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். கந்தவேலுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இது கரண்டும்மா," என்றார். "இந்தா, இது ஒண்ணு கழண்டு கெடந்ததால வந்தது. மாட்டிட்டா வராது. இனி யாரும் அந்தக் குழாயைத் தொடாதீங்க."

"அப்ப என் கை?"

"நல்லாயிருச்சுல்லம்மா. அது போதும்."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் நின்ற என் பங்காளி சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் விடுகிற மூச்சுதான்.

கந்தவேல் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கரண்டு வராதபடி பீஸைக் கழற்றி வைத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். "எதுக்குங்க, நான்தான் நிக்கறேனே," என்றேன். "சரிங்க, ஸ்டார்ட்டரை யாரும் தொட்டுராமப் பாத்துக்குங்க," என்றார். என்னைக் காவல் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். கரி, உப்பு, ஈரம் எல்லாம் கலந்த மண்ணில் வெறுங்கால். குழியில் நட்டிருந்த இரும்புக் குழாயை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் செம்புக் கம்பியை எடுத்துக் கிளாம்புக்குள் நுழைத்தார். ரூம் ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. கரண்டு மண்ணுக்குப் போக வேண்டிய வழியில், அந்தக் கிளாம்பு இருக்க வேண்டிய இடத்தில், அப்போது அவர் இருந்தார்.

ஸ்டார்ட்டரை இழுத்தேன்.

அவர் ஒரு தடவைதான் அலறினார். கை விடவில்லை. விட முடியாது, அது அப்படித்தான் பிடிக்கும். அவர் சாய்ந்து விழுந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அதற்கு முன் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கால் அசையாமல் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் ஓடிவந்து ஏதாவது சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவசியமே இருக்கவில்லை. கூட்டம் தானாகத் தரையில் விழுந்து கும்பிட்டது. ஆத்தாவை இல்லையென்று சொன்னவனை ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று பூவாத்தாள் குலவையிட்டாள். என் பங்காளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். உங்கள் ஆட்கள் வந்தபோது, விபத்து என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்காகச் சொன்னதல்ல. ஆத்தாமேல் போலீஸ் கேசு வரக்கூடாதென்று சொன்னது. அந்தக் கிளாம்பைப் பட்டுத்துணியில் சுற்றிக் குழாயடியில் வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது, சனங்கள் கோபப்படுவார்கள்.

மயிலம்மாள் மறுநாளே நாமக்கல்லுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நூறு பேர் என்னைக் கும்பிடும்போது ஒருத்தி மட்டும் பார்க்காமல் போனால், அந்த ஒருத்திதான் கண்ணுக்குள் நிற்கிறாள். அது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் கந்தவேலின் சம்சாரம் வந்தாள். குஞ்சம்மாள் என்று பேர், சின்ன வயது. அம்மாபேட்டையிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தாள். குழாய்க்கு முன்னால் விழுந்து எழுந்து, என்னிடம் வந்து கைகட்டி நின்றாள்.

"அவரு தெரியாமப் பேசிட்டாருங்க சாமி. மனசுல ஒண்ணும் கெடையாதுங்க அவருக்கு. ஆத்தா மன்னிச்சுட்டாளாங்களா?"

நான் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அவள் போய்விடுவாள். திரும்ப வருவதற்கு அவளுக்கு வேலை இருக்காது.

"இன்னும் இல்லை," என்றேன்.

அதிலிருந்து வெள்ளி தவறாமல் வருகிறாள். எல்லோரும் தொட்டுவிட்டு விலகுவார்கள். அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் இல்லையென்று தலையசைப்பேன். அவள் வரும் நாளில் மோட்டாருக்குத் தண்ணீரைக் குறைத்து ஊற்றுகிறேன். எனக்கும் இரக்கம் இருக்கிறது, ஐயா.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கந்தவேலைக் கொன்றது நான்தான். ஸ்டார்ட்டரை இழுத்தது இந்தக் கை. எடப்பாடிக் குழந்தையைப் பற்றியும் விசாரியுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இப்போதே உங்களோடு புறப்பட்டு வந்துவிடுகிறேன், பின்வாசல் வழியாகப் போனால் வெளியே நிற்கிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தெரியாது.

ஒரே ஒரு காரியம். குஞ்சம்மாளும் வெளியே வந்திருப்பாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். புருஷன் போய்விட்டான். ஆத்தாவும் இல்லையென்று ஆகிவிட்டால், பாவம், அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.